பரவலாக முடி மெலிகிறது: முடி நடுவது எப்போது?

வயது 27, ஊர் கோவை. முன்நெற்றி ஏறவில்லை, உச்சி முழுக்கப் பரவலாக மெலிகிறது. டியூப்லைட்டின் கீழ் நின்றால் வகிட்டின் இருபுறமும் தோல் பளபளக்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை. தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) அளவுகள் சரியாகவே இருக்கின்றன.

போன தீபாவளியிலிருந்து மருத்துவர் சொன்னபடி தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடில், தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரை. கொட்டுவது குறைந்திருக்கிறது, அடர்த்தி கூடவில்லை. வெங்காயச் சாறும் தேய்த்தாயிற்று. தலையணை நாறியதுதான் மிச்சம்.

ஒரு கிளினிக்கில், நடுவதற்கு முடி எடுக்கும் பின்னந்தலையைச் சோதிக்காமலேயே 3,000 கிராஃப்ட் (எடுத்து நடும் முடிக்கொத்து), அடுத்த வாரமே வாருங்கள் என்கிறார்கள். தோல் மருத்துவரோ, இருக்கும் முடிகளுக்கிடையே நட்டால் அவையும் உதிரக்கூடும், பின்னந்தலையும் மெலிந்தால் நட்டதும் நிலைக்காது, பொறுங்கள் என்கிறார்.

இப்படிப் பரவலாக மெலிந்து முடி நட்டுக்கொண்டவர்கள், மருந்து தொடங்கி எவ்வளவு காலம் கழித்துச் செய்தீர்கள்?