ஹயேன் ஆலிவ் தோப்புக்குள்ள ரோட் பைக் ரவுண்ட்: உபேதா, பயேஸா பக்கம் ஓட்டினவங்க இருக்கீங்களா?

செயின்_கழண்டவன்:
வணக்கம் மக்களே. மாட்ரிட் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வீக்கெண்ட்னா சைக்கிள்னு ஆயிடுச்சு. மே கடைசில நாலு நாள் லீவு கெடைக்குது, ஸ்பெயின் தெற்குல ஹயேன் மாகாணம் போலாம்னு ஐடியா. உபேதால ஆரம்பிச்சு பயேஸா, அங்கேர்ந்து கீழ எறங்கி மாஞ்சா ரெயால், அப்புறம் ஹிமெனா, பெத்மார், ஹோதார், திரும்ப உபேதா. மொத்தம் 100 கிமீ பக்கம் வரும்னு நெனைக்கிறேன். போட்டோல பாத்தா கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஆலிவ் மரம்தான், ரோடும் ஓரளவு சமதளமா தெரியுது. எந்தப் பக்கமா சுத்தறது நல்லது? 25 எம்எம் டயர் போதுமா? ட்ரெயின்ல லினாரெஸ்-பயேஸா ஸ்டேஷன்ல எறங்கி ரூமுக்கு நடந்தே போயிடலாம்ல?

காத்து_எதிர்ல:
ப்ரோ மொதல்ல அந்த ஸ்டேஷன் மேட்டர். பேர்ல மட்டும்தான் பயேஸா இருக்கு, ஊருக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட 20 கிமீ. நான் ராத்திரி எறங்கி முழிச்சவன். பைக் இருக்குறதால ஓட்டிட்டே போயிடலாம், ஆனா வெளிச்சத்துல எறங்குற மாதிரி டிக்கெட் போடுங்க. எல்லா ட்ரெயின்லயும் பைக்க ஏத்த மாட்டாங்க, அதையும் புக் பண்றப்பவே பாத்துக்கோங்க.

அடுத்தது அந்த சமதளம் :) போட்டோல மரம் எல்லாம் வரிசையா கோடு போட்ட மாதிரி நிக்கறதால அப்படித் தெரியும், போய் பாத்தா ஒவ்வொரு வரிசையும் ஒரு மேட்டுல ஏறி எறங்கும். மாகாணத்துல ஆறு கோடி ஆலிவ் மரத்துக்கு மேல இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே பிக்குவால் ரகம். உபேதாவும் பயேஸாவும் ஒரே நீளமான மேட்டு மேல உக்காந்திருக்கு, ரெண்டும் 700 மீட்டருக்கு மேல, நடுவுல 9 கிமீதான், அந்த 9 கிமீ ஜாலியா போயிடும். ஆனா தெற்குப் பக்கம் கீழ குவாதல்கிவிர் ஆறு ஓடுது. நீங்க சொன்ன ரவுண்ட்ல ஆத்த ரெண்டு தடவ தாண்டணும், அதாவது 300 மீட்டருக்கு மேல எறங்கி திரும்ப ஏறுறது ரெண்டு தடவ. உங்க பிளான்படி ரெண்டாவது ஏத்தம் கடைசில, ஹோதார்லேர்ந்து உபேதாவுக்கு, மத்தியான வெயில்ல, தண்ணி தீந்துபோன நேரத்துல வரும். ஆலிவ் மரம் நெழல் குடுக்கும்னு நம்பாதீங்க, ரோட்டுக்கு அது ஒரு சொட்டு நெழல் தராது.

மிதிவண்டி_மாமி:
கிரனாடாலேர்ந்து எழுதறேன், இந்த ரவுண்ட மூணு தடவ முடிச்சிருக்கேன். தம்பி, உபேதால ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ரூம ஹோதார்ல போடுங்க. காலைல ஏழு மணிக்கெல்லாம் கெளம்பி ஆத்துக்கு எறங்கி, குளிர்ச்சி இருக்கறப்பவே உபேதா ஏத்தத்த முடிச்சுடலாம். அங்க எல் சல்வதோர் சேப்பல் முன்னாடி உள்ள சதுக்கத்துல ஒரு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, 16ஆம் நூற்றாண்டுல வந்தெல்விராங்கற கட்டடக்கலைஞர் நெறைய கட்டின ஊருங்க இதெல்லாம், 2003ல ரெண்டு ஊரையும் சேத்து யுனெஸ்கோ லிஸ்ட்ல போட்டாங்க. பயேஸால காபியும் ஓச்சியோவும், மேல மிளகாத்தூள் தடவின எண்ணெய் பன்னு, ரெண்டு வாங்கி ஜெர்சி பாக்கெட்ல போட்டுக்கோங்க. அங்கேர்ந்து மாஞ்சா ரெயால் வரைக்கும்தான் எனக்குப் புடிக்காத பகுதி, வண்டி ஜாஸ்தி. ஞாயித்துக்கெழம காலைனா பரவால்ல, ஆனா அன்னிக்கு கடை பூட்டியிருக்கும், முந்தின நாளே எல்லாம் வாங்கி வச்சிடுங்க. அதுக்கப்புறம் வலது பக்கம் மாஹினா மலை கூடவே வரும், 2,160 மீட்டர் தாண்டின மலை, ஹிமெனாவும் பெத்மாரும் அது அடிவாரத்துல. அந்த ரோடுக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப போறேன். முடியறப்ப ரூம் வாசல்லயே எறங்கலாம்.

இன்னொன்னு யாரும் சொல்லல. மே கடைசினா ஆலிவ் பூக்குற சீசன். மகரந்த அலர்ஜி இருந்தா ஹயேன் மாதிரி மோசமான எடம் கெடையாது, மொத தடவ நான் கண்ண தொறக்க முடியாம பாதில பஸ் புடிச்சேன். மாத்திரை எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி கண்டிப்பா போடுங்க.

பழைய_ஹேண்டில்பார்:
மாமி சொன்னதுக்கு +1. குளிர்காலத்துல போறவங்களுக்கு ஒரு வார்த்த, நவம்பர்லேர்ந்து அறுவடை, ட்ராக்டர் டயர் சேறு முழுக்க ரோட்ல, வளைவுல வழுக்கும்.

டயர் விஷயம்: தார் ரோட்லயே இருந்தா 25 ஓகே, நான் 28 போடுவேன். தோப்புக்குள்ள வெள்ளை மண் பாதை பாத்ததும் ஆச வரும், 2022லேர்ந்து நடக்குற கிளாசிகா ஹயேன் சைக்கிள் ரேஸ்ல அந்தப் பாதையும் ஒரு பகுதி, 2023ல டூர் டி பிரான்ஸ் சாம்பியன் போகச்சார் ஜெயிச்சாரு. அந்தப் பாதைக்கு கொறஞ்சது 32 எம்எம் டயர் வேணும். ஏத்தமே வேணாம்னா எண்ணெய் ட்ரெயின் ஓடின பழைய ரயில் பாதைய சைக்கிள் பாதையா ஆக்கியிருக்காங்க, ஹயேன்லேர்ந்து மார்த்தோஸ் வழியா புவெந்தே ஹெனில் வரைக்கும் 128 கிமீ, ஆத்து மேல இரும்புப் பாலமெல்லாம் இருக்கு, அதுல ஒரு தடவ நான் என் மச்சானோட...

காத்து_எதிர்ல:
அண்ணே அது ரவுண்டே இல்ல, ஒத்த வழி. பேச்சு தடம் மாறினா ஸ்பானிஷ்ல "உபேதா குன்றுகள்ல சுத்துறான்"னு சொல்லுவாங்க, நீங்க நெஜமாவே சுத்துறீங்க :D

பழைய_ஹேண்டில்பார்:
சரி சரி. ஹெல்மெட் மட்டும் மறக்காதீங்க, ஊருக்கு வெளிய கட்டாயம். காரு ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் தாண்டணும்னு சட்டம், பெரும்பாலும் மதிக்கிறாங்க.

செயின்_கழண்டவன்:
எல்லாருக்கும் தாங்க்ஸ். ஹோதார்ல ரூம் போட்டாச்சு மாமி, சனிக்கெழம ரவுண்ட், 28 டயர் ஆர்டர் பண்ணிட்டேன். பயேஸால கவிஞர் மச்சாதோ 1912லேர்ந்து 1919 வரைக்கும் பிரெஞ்ச் வாத்தியாரா இருந்த க்ளாஸ்ரூம பாக்கணும்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க, அவங்க கார்ல வர்றாங்க. சைக்கிள் ஷூவோட உள்ள விடுவாங்களா?

மிதிவண்டி_மாமி:
கார் வருதுல்ல, செருப்ப அதுல போட்டு விடுங்க. ரெண்டு பாட்டில் தண்ணியும்.