திருச்சி – பலாலி விமான தூரம்: கணக்கு உதைக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் (பலாலி விமான நிலையம்) போகும் ஒரு குழுவுக்கு வேன் நேரம் குறிக்கணும். விமான நிலைய வரைபடத்தில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை எக்செல்லில் போட்டேன். திருச்சி 10.4555, 78.4235, பலாலி 9.4732, 80.0412. விடை 208 கி.மீ. இணையத்தில் ஒரு இடத்தில் 114, இன்னொரு இடத்தில் 99 என்று இருக்கு. மணிக்கு 800 கி.மீ. என்று வைத்தால் 16 நிமிஷம்தான் வருது, டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம். எதை நம்புவது?

பதில் 1:
114-ம் 99-ம் ஒரே தூரம்தான். முன்னது சாதாரண மைல், பின்னது கடல் மைல். 1.609, 1.852 ஆல் பெருக்கிப் பாருங்க, இரண்டுமே 184 கி.மீ. பக்கத்தில் வந்து நிற்கும்.

தப்பு உங்க 208-ல் இருக்கு. வரைபடத்தில் இருப்பது 10 பாகை 45 நிமிடம் 55 விநாடி. அதை அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதக் கூடாது. 45-ஐ 60 ஆல், 55-ஐ 3600 ஆல் வகுத்துக் கூட்டணும்: 10.765. இதே மாதிரி மாற்றினால் திருச்சி 10.765, 78.710, பலாலி 9.792, 80.070. இப்போ சூத்திரம் 184 தரும். சைன், காஸ் போடும் முன் பாகையை ரேடியனாக மாற்ற மறந்துடாதீங்க. மறந்தால் சம்பந்தமே இல்லாத எண் வரும்.

பதில் 2:
நேர விஷயத்துக்கு வருவோம். 800 ஜெட் வேகம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம், உச்ச வேகமே மணிக்கு 510 கி.மீ. வாக்கில். அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் போனால் 22 நிமிஷம் ஆகும், ஆனால் போக முடியாது. 13,000 அடிக்கு ஏற 35–40 கடல் மைல், இறங்க ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் வீதம் இன்னொரு 39. நடுவில் முழு வேகத்துக்கு மிஞ்சுவது இருபது கடல் மைல் சொச்சம். சராசரி 200 நாட் (மணிக்கு 200 கடல் மைல்) என்று வைங்க, அரை மணி.

திருச்சி ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கு. மேற்கே பார்த்துக் கிளம்பினால் தென்கிழக்குக்கு முழுசாத் திரும்பணும். பலாலியிலும் ரன்வேக்கு நேராக வர ஒரு வளைவு உண்டு. அதுக்கு 5–8 நிமிஷம். இரண்டு முனையிலும் தரையில் ஓடுவது 15. மிச்சம் தாமதத்துக்கு விட்ட இடைவெளி. டிக்கெட் நேரம் என்பது நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை.

கேள்வி கேட்டவர்:
நன்றி, 184 வந்துடுச்சு. எதிர்க்காற்று அடித்தால் எவ்வளவு கூடும்?

பதில் 2:
தென்மேற்குப் பருவக் காலத்தில் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். 30 நாட் மேற்குக் காற்றுக்கே வித்தியாசம் 3–4 நிமிஷம்தான். வேன் நேரத்தை அது மாற்றாது.

பதில் 3:
யாழ்ப்பாணத்திலயிருந்து சொல்லுறன். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், 2006-க்குப் பிறகு வித்தியாசம் இல்லை. பழைய அட்டவணையில அரை மணி கூட இருந்தா அதை எடுக்காதேங்கோ. விமானம் நிண்டாப் பிறகு குடிவரவு, பொதி, சுங்கம் எண்டு இருக்கு. குழுவா வந்தா கடைசி ஆள் வெளியில வர முக்கால் மணியாவது விடுங்கோ. அங்கயிருந்து யாழ் நகரம் ஏறக்குறைய 16 கி.மீ., வேனுக்கு அரை மணி போதும்.