பெர்குசன் டிஇ20: பின்பக்க லிப்ட் தலையாட்டுகிறது, எண்ணெயும் வெளுத்துவிட்டது

தோட்டக்காரன்_லிம்சூகாங்

வணக்கம். சிங்கப்பூர் லிம் சூ காங்கில் நான் வேலை பார்க்கும் காய்கறித் தோட்டத்தில் பெர்குசன் டிஇ20 டிராக்டர் ஒன்று இருக்கிறது. முதலாளி அதை அழகுக்காக வாங்கி வைத்தார் என்றாலும், மக்கிய உரத்தைப் பின்பெட்டியில் ஏற்றிப் பாத்திகளுக்குக் கொண்டு போக வாரத்தில் இரண்டு நாள் அதைத்தான் எடுக்கிறோம். டிசம்பர் மழை தொடங்கியதிலிருந்து, பெட்டியை உச்சிக்குத் தூக்கி நிறுத்தினால் அது சற்றே இறங்குவதும் உடனே ஏறுவதுமாக இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் நான்கு நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடுகிறது. எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் நுரையோடு வந்தது. பட்டறையில் பம்பையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

பழைய_இரும்பு

வணக்கம் தம்பி. பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். இந்த வண்டியில் கட்டுப்பாட்டு வால்வு பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கும் கரங்கள் உச்சியை எட்டியதும் அது தானாக மூடிக்கொள்ள, பம்பு வெறுமனே சுற்றும். சிலிண்டரில் பிஸ்டனைத் தாண்டி எண்ணெய் கசிந்தால் கரங்கள் சிறிது இறங்கும், வால்வு மறுபடி திறக்கும், பம்பு இழந்ததை ஈடுகட்டும். நீங்கள் காணும் தலையாட்டம் இதுதான். அதாவது பம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கே அது சாட்சி. பம்பின் நான்கு பிஸ்டன்களில் ஒன்றின் வால்வு சிக்கியிருந்தால், பெட்டி ஏறும்போதே விட்டுவிட்டு வெட்டி வெட்டி ஏறியிருக்கும். அப்படி ஏதும் நீங்கள் சொல்லவில்லை.

கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம். வலப்பக்கத்தில் அளவுக் கம்பி செருகியிருக்கும் மூடியைக் கழற்றுங்கள். எண்ணெய் வழியாத அளவுக்கு முதலில் சிறிது வடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சிலிண்டரிலிருந்து சொட்டினால் பிஸ்டன் வளையமோ சீலோ தேய்ந்திருக்கிறது. கீழே பம்பின் பக்கம் கசிந்தால் வால்வுகளைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்தத் துளைக்குள் கையை விட்டுவிடாதீர்கள், உள்ளே தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கிய பெட்டிக்கு அடியில் தலை வைக்கவும் கூடாது.

வெளுத்த எண்ணெய்க்குக் காரணம் தண்ணீர். கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறையை விரலால் விரித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதும் அதே கம்பியில் என்பதால் அது நாள் முழுக்க அசைந்து வெடித்துப் போகும், மழை நேரே உள்ளே இறங்கும்.

கிராஞ்சி_மாமா

மேலே சொன்னது சரி. எண்ணெயைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றும் ஒரே எண்ணெயில் முழுகியிருப்பதால், பற்சக்கரம் உதிர்க்கும் இரும்புத்தூளும் நீங்கள் விட்ட மழைநீரும் கடைசியில் பம்புக்குத்தான் போய்ச் சேரும். 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்பதால் பலர் மாற்றத் தயங்குவார்கள். வண்டியை இரண்டு நாள் அசைக்காமல் விட்டு, வடிகால் திருகை மெல்லத் தளர்த்தினால், பிரிந்து கீழே தங்கிய தண்ணீர் முதலில் வரும். முழுவதும் வடித்து, விலை குறைந்த எண்ணெயை ஊற்றி அரை நாள் ஓட்டி, அதையும் வடித்த பிறகே நல்லதை ஊற்றுங்கள். நான் எஸ்ஏஇ 80 மினரல் கியர் எண்ணெய்தான் ஊற்றுகிறேன். கடைக்காரர் ஜிஎல்-5 என்ற தர எண்ணெய் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள் வெண்கலப் புஷ்களுக்கு ஆகாது.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து மழைநீர் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. டின்னில் அடைத்து, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: லிப்ட் அறவே எழவில்லை என்று ஒரு நாள் வண்டியைப் பாதி பிரித்துவிட்டேன். பி.டி.ஓ. கம்பியை (எஞ்சின் சக்தியைப் பின்பக்கக் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டை இணைக்கும் கம்பி) போட மறந்திருந்தேன், அவ்வளவுதான். அதைப் போடாமல் இந்த வண்டியில் பம்பு சுற்றாது. கிளட்சை மிதித்திருந்தாலும் அப்படியே.

தோட்டக்காரன்_லிம்சூகாங்

இருவருக்கும் நன்றி. நேற்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பம்பின் பக்கம் ஒரு சொட்டும் இல்லை; சிலிண்டரின் வாயிலிருந்து நூல் பிடித்தாற்போல் எண்ணெய் ஒழுகியது. ரப்பர் உறையைத் தொட்டதும் அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்துவிட்டது. வடிகால் திருகைத் தளர்த்தியபோது முதலில் வந்தது ஏறக்குறைய ஒரு மைலோ டின் அளவு தெளிந்த தண்ணீர். சீல் தொகுதியும் புது உறையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை கியர் கம்பியைச் சுற்றிச் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி, வண்டியைக் கூரைக்குள் தள்ளி வைத்திருக்கிறேன். சீல் மாற்ற, சிலிண்டர் இருக்கும் மேல்மூடியைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்?

பழைய_இரும்பு

இரண்டு பேரும் ஒரு சங்கிலிக் கப்பியும். அது நல்ல கனம், தனியாக முயல வேண்டாம். தூக்குவதற்கு முன் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, கரங்களைக் கீழே இறக்கி வையுங்கள்.