மோப்ப நாய் குரைத்தால் ஒருவர் திருடர் ஆகிவிடுவாரா?

சாட்ஸ்வொர்த்வாசி:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தெருவில் சென்ற வாரம் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்து நகைகளைத் திருடிச் சென்றுவிட்டார்கள். மறுநாள் முற்பகலில் காவல் துறையினர் மோப்ப நாயுடன் வந்தார்கள். அது பின்கதவருகே முகர்ந்துவிட்டு, மதிலை ஒட்டிச் சென்று, ஒரு சந்தின் வழியே போய், தோட்ட வேலை செய்யும் ஒருவர் தங்கியிருக்கும் தகரக் கொட்டகையின் முன்னால் நின்று குரைத்தது. உள்ளே தேடியதில் எதுவும் அகப்படவில்லை. அவரைக் கைது செய்யவும் இல்லை. ஆயினும் தெருக்காரர்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டு, கொட்டகையைக் காலி செய்யும்படி நெருக்குகிறார்கள். "மனிதன் பொய் சொல்வான், நாய் சொல்லுமா?" என்பதே அவர்களுடைய வாதம். வரும் சனிக்கிழமை இது குறித்துக் கூட்டம் நடக்கிறது. விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஃபீனிக்ஸ் காவற்குழு:
உங்கள் தெருக்காரர்கள் சொல்வதில் தவறு என்ன? மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்கிறார்கள். குரூகர் தேசியப் பூங்காவில் பணியாற்றிய 'கில்லர்' என்ற பெல்ஜிய மாலினோய் நாய், நான்கு ஆண்டுகளில் காண்டாமிருக வேட்டைக்காரர்கள் 115 பேரைப் பிடிக்க உதவியதற்காக 2016-இல் பி.டி.எஸ்.ஏ. என்ற பிரித்தானிய விலங்கு நல அமைப்பின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அதற்கும் முன்னால், 1925-இல் 'சாவர்' என்ற டாபர்மேன், கரூ வறண்ட நிலத்தில் ஒரு கால்நடைத் திருடனின் தடத்தை 100 மைல் தொடர்ந்து சென்றதாகச் சாதனைப் பதிவே உண்டு. இத்தகைய மூக்கை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சட்டமாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அண்ணா, நீங்கள் காட்டும் மூக்கை நம் நாட்டு நீதிமன்றமே நம்ப மறுத்திருக்கிறது. 1920-இல் ட்ருபெடோ என்பவரின் வழக்கில், காலடித் தடத்தை முகர்ந்த காவல் நாய் அவரை அடையாளம் காட்டியது என்ற சாட்சியத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு மனிதனின் மணத்தை மற்றெல்லா மணங்களிலிருந்தும் நாய் எவ்வாறு பிரித்தறிகிறது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியாத நிலையில், அதன் நடத்தையிலிருந்து முடிவு கட்டுவது ஊகமாகவே இருக்கும் என்பது நீதிபதிகளின் கருத்து. 1986-இல் ஷபலாலா வழக்கிலும் அதே நிலைப்பாடு தொடர்ந்தது. நீதிமன்றத்துக்கே போதாத சாட்சியம், ஒருவரின் பிழைப்பைப் பறிக்க மட்டும் எப்படிப் போதும்?

வெருலம் பெரியவர்:
காவல் துறையில் நாய் கையாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இருவருமே மூக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள ரூட்பிளாட் பயிற்சிப் பள்ளியில் நாய்க்கு எவ்வளவு பயிற்சியோ அவ்வளவு பயிற்சி கையாளுநருக்கும் உண்டு. தடம் பிடிக்கும் பயிற்சி, புல்தரையில் ஒவ்வொரு காலடியிலும் சிறு இறைச்சித் துண்டு வைத்துத் தொடங்கும். பிறகு துண்டுகளைக் குறைப்போம், திருப்பங்களைச் சேர்ப்போம், தடத்தை மணிக்கணக்கில் பழையதாக விடுவோம், வேறொருவரை அதன் குறுக்கே நடக்கச் சொல்வோம். கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டையை மாட்டி, 10 மீட்டர் கயிற்றைக் கோத்ததும் வேலை தொடங்கிவிட்டது என்று நாய்க்குத் தெரிந்துவிடும். நல்ல தடத்தில் அதன் மூக்கு தரையை விட்டு எழாது. திருப்பத்தில் தடம் நழுவினால் தலை சட்டென்று உயரும், நடை தளரும். அந்த நொடியில் கையாளுநர் சிலையாக நிற்க வேண்டும். தனக்குச் சந்தேகமுள்ள பக்கமாக அரையடி நகர்ந்தாலும் கயிறு தொய்யும். அந்தத் தொய்வையே உத்தரவாக எடுத்துக்கொண்டு நாய் அப்பக்கம் போய்விடும். நாய் தன் கையாளுநரை மகிழ்விக்கத்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று: தடம் பிடிக்கும் நாய் மண்ணும் புல்லும் மிதிபட்ட மணத்தையும் மனித மணத்தையும் கலந்தே தொடர்கிறது. டர்பனின் வெயிலில் முற்பகல் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூச்சிரைக்கிற நாயால் ஒழுங்காக முகரவும் முடியாது. பழைய தடத்தின் குறுக்கே புதிய தடம் வந்தால், பயிற்சி போதாத நாய் அதற்குத் தாவிவிடும்.

ஃபீனிக்ஸ் காவற்குழு:
பெரியவரே, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாய்ப்படையையே கலைத்துவிடலாம் போலிருக்கிறதே. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் அன்றாடம் கண்டுபிடிப்பவை இதே நாய்கள்தானே?

சட்டமாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அங்கேதான் வேறுபாடு இருக்கிறது, அண்ணா. நாய் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்தால் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பொருள் இருந்தால் பொருளே சாட்சி. குரூகர் பூங்காவிலும் நள்ளிரவில் துப்பாக்கியோடு புதரில் பதுங்கியிருப்பவரைப் பிடித்த பிறகு, நாய் சரியாகச் சொன்னதா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. தோட்டக்காரரின் கொட்டகையைத் திறந்தார்கள், ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் நாய் சொன்னதே சரி என்றால், அந்தச் சொல்லைச் சோதிக்க வழியே இல்லாமல் போகிறது.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 18 நாய்களும் அவற்றின் கையாளுநர்களும் ஒரு தேவாலயத்துக்குள் தேடினார்கள். அங்கே எந்தப் போதைப்பொருளும் வைக்கப்படவில்லை; ஆனால், மணம் இருக்கும் இடத்தைச் சில அறைகளில் சிவப்புத் தாள் குறிக்கும் என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 144 தேடல்களில் 21 மட்டுமே தவறான அறிவிப்பு இல்லாமல் முடிந்தன.

வெருலம் பெரியவர்:
அந்த ஆய்வை நானும் அறிவேன், மகளே. கையாளுநரை வேண்டுமென்றே ஏமாற்றி நடத்திய சோதனை அது. அன்றாடப் பணியில் நாய்கள் இவ்வளவு தவறு செய்யும் என்பதற்கு அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. கையாளுநரின் எதிர்பார்ப்பு கயிற்றின் வழியே இறங்கும் என்பதை அது காட்டுகிறது. பொருள் எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கையாளுநருக்கும் உடன் நிற்பவருக்கும் தெரியாமல் பயிற்சி நடத்தினால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஆகவே நீதிமன்றம் கதவை அடைத்தே வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாயின் பயிற்சிப் பதிவேட்டையும், அதன் வெற்றி தோல்விகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சட்டமாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஷபலாலா தீர்ப்பு கதவை முழுவதும் அடைக்கவில்லை, ஐயா. நம்பகத்தன்மை போதிய அளவில் நிறுவப்பட்டால் ஏற்கலாம் என்ற இடத்தை அது விட்டுவைத்தது. நிறுவ வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு.

மியர்பேங்க் அக்கா:
நீங்கள் பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் தலைமுறைக்குக் காவல் நாய் என்றாலே கூட்டத்தின் மீது ஏவப்பட்ட நாய்தான் நினைவுக்கு வரும். அது நிறவெறி ஆட்சியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. 1998-இல் காவலர் அறுவர் மொசாம்பிக் நாட்டவர் மூவர் மீது 'பயிற்சி' என்ற பெயரில் நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு, சிரித்துக்கொண்டே ஒளிப்பதிவு செய்ததை 2000-இல் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அவர்களில் நால்வருக்கு மறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஏழைத் தொழிலாளியின் கொட்டகை முன் நாய் குரைத்ததும் தெரு முழுவதும் உடனே நம்புகிறதே, மாளிகை வாசலில் குரைத்திருந்தால் நம்பியிருக்குமா?

ஃபீனிக்ஸ் காவற்குழு:
அக்கா, குற்றவாளிகளைத் தண்டித்தாயிற்று. அதற்காக நல்ல நாயைப் பழிக்க வேண்டாம். எங்கள் பகுதியில் நாய்ப்படை வண்டி ஒரு முறை சுற்றி வந்தால் பல நாள் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

சாட்ஸ்வொர்த்வாசி:
ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தச் சந்து வழியாகத்தான் அவர் நாள்தோறும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறார். நாய் வந்த அன்றும் போயிருக்கிறார். கொட்டகைக்குப் பின்னால் அவர் வளர்க்கும் நாயும் கட்டப்பட்டிருந்தது.

வெருலம் பெரியவர்:
அப்படியானால் நாய் பிடித்தது அவருடைய காலைத் தடமாகவே இருக்கலாம். குரைத்தது அந்த வளர்ப்பு நாயைப் பார்த்தும் இருக்கலாம். தடம் பிடிக்கும் நாய்க்கு, முடிவில் குரைக்க நாங்கள் கற்றுக் கொடுத்ததில்லை, தடத்தில் கிடைக்கும் பொருளின் முன் படுக்கத்தான் கற்றுக் கொடுத்தோம். கூட்டத்துக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்: திருட்டு நடந்து எத்தனை மணி நேரம் கழித்து நாய் இறங்கியது? அதற்குள் பின்கதவருகே எத்தனை பேர் மிதித்தார்கள்? கையாளுநருக்கு யார் மீதாவது சந்தேகம் இருப்பதாக முன்னரே சொல்லப்பட்டதா? அவர் எழுதிய அறிக்கையில் 'குரைத்தது' என்று இருக்கிறதா, 'சுட்டிக்காட்டியது' என்று இருக்கிறதா?

ஃபீனிக்ஸ் காவற்குழு:
என் கருத்து மாறவில்லை. நாய் சும்மா அந்தப் பக்கம் போயிருக்காது. ஆனால் கைரேகை முடிவு வரும் வரை கொட்டகையைக் காலி செய்யச் சொல்ல வேண்டாம் என்று அந்தத் தெருக் குழுவிடம் நானே பேசுகிறேன்.

சாட்ஸ்வொர்த்வாசி:
நன்றி, அண்ணா. பெரியவரின் கேள்விகளோடு நாளை காலை நிலையத்துக்குப் போகிறேன்.