1748 பாண்டிச்சேரி சண்டையில ஆம்பள வேஷத்துல ஒரு பொண்ணு இருந்தாங்களாமே, உண்மையா?

அரியாங்குப்பம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை பொண்ண கூட்டிட்டு பாண்டிச்சேரி பீச் ரோடு போயிருந்தேன், எட்டாவது படிக்கிறா. அங்க டூரிஸ்ட் கூட்டம் ஒண்ணுக்கு ஒரு தம்பி கத சொல்லிட்டு இருந்தாரு, நாங்களும் ஓரமா நின்னு கேட்டோம். 1748ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரிய முற்றுகை போட்டப்ப அவன் படையில ஒரு பொண்ணு ஆம்பள மாதிரி டிரஸ் பண்ணிட்டு சண்ட போட்டாங்களாம், குண்டடி பட்டும் டாக்டர் கிட்ட காட்டாம தானே குண்ட வெளிய எடுத்தாங்களாம். அதுக்குள்ள அந்த குரூப் நகந்துடுச்சு, பேரு கூட சரியா காதுல விழல.

அன்னிலேருந்து பொண்ணு விடவே மாட்டேங்குறா. "ஏம்மா, அத்தன பேரு கூட தூங்கி எழுந்து எப்டிம்மா கண்டுபிடிக்காம இருந்தாங்க"ன்னு சாப்புடும்போதும் கேக்குறா படுக்கும்போதும் கேக்குறா. எனக்கு பதில் தெரியல. நாங்க இருக்கறதே அரியாங்குப்பம், இங்க அப்ப கோட்ட இருந்துச்சுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு.

யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, நெஜமா நடந்ததா இல்ல டூரிஸ்ட்டுக்காக சொல்ற கதையா? இந்த மாதிரி வேற யாராவது இருந்தாங்களா? எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்ல. பத்தாவது முடிச்சுட்டு டிப்ளமோ மெக்கானிக்கல் சேரணும்னு நான் ஒரு வாரம் சாப்புடாம அடம் புடிச்சேன், பொட்ட புள்ளைக்கு லேத்து மெஷின் எதுக்குன்னு சொல்லிட்டாங்க. என் பொண்ணுக்கு சொல்றதுக்கு நெஜமான கத வேணும், கட்டுக்கத வேணாம்.

கடலூர்_ஓல்டுடவுன்:

அக்கா, நெஜம் தான். பேரு ஹான்னா ஸ்னெல். ஆனா கதையில கலப்படமும் இருக்கு, ரெண்டையும் பிரிச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

1723ல இங்கிலாந்துல வூஸ்டர்ங்கற ஊர்ல பொறந்தவங்க, அப்பாவுக்கு சாயம் போடற தொழில். ஒரு டச்சு மாலுமிய கல்யாணம் பண்ணாங்க, அவன் வயித்துல புள்ளையோட விட்டுட்டு ஓடிட்டான். புள்ள பொறந்து கொஞ்ச நாள்ல செத்துப்போச்சு. அப்புறம் ஹான்னா தன்னோட அக்கா வீட்டுக்காரரோட டிரஸ்ஸ போட்டுகிட்டு, அவரு பேரையே ஜேம்ஸ் கிரேன்னு வச்சுகிட்டு கிளம்பிட்டாங்க. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துல மரைன் படையில, அதாவது கப்பல்ல போற சிப்பாய் படையில சேந்து, ஸ்வாலோங்கற கப்பல்ல ஏறி நம்ம கரைக்கு வந்து சேந்தாங்க. தளபதி அட்மிரல் பாஸ்காவென். அவங்க தளம் எங்க ஊரு தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்ட தான்.

1748 ஆகஸ்ட்ல முற்றுகை ஆரம்பம். மொதல்ல மாட்டுனது உங்க அரியாங்குப்பம் கோட்ட தான் அக்கா, உங்க மாமனார் சொன்னது சரி. சின்ன கோட்டன்னு நெனச்சு போனாங்க, அத புடிக்கவே பல நாள் ஆச்சு. அப்புறம் பாண்டிச்சேரி மதில சுத்தி பள்ளம் தோண்டி பீரங்கி வச்சாங்க, உள்ள இருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அசரல, அக்டோபர்ல மழ புடிச்சுகிட்டு பள்ளமெல்லாம் தண்ணி, ஆளுங்களுக்கு காய்ச்சல் பேதி, கடைசில முற்றுகைய தூக்கிட்டு திரும்பிட்டாங்க. டூப்ளேவோட துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கம் பிள்ளை மதிலுக்கு உள்ள உக்காந்து தினமும் தமிழ்ல டைரி எழுதினது இந்த நாட்களையும் சேத்து தான். அதே நேரத்துல மதிலுக்கு வெளிய சேத்துல நின்னவங்கள்ல ஹான்னாவும் ஒருத்தர். ரெண்டையும் சேத்து நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

இப்ப குண்டு விஷயம். 1750ல லண்டன் திரும்பி நான் பொம்பளன்னு சொன்ன உடனே ஒரு பதிப்பாளர் அவங்க கதைய புத்தகமா போட்டாரு. அதுல காலெல்லாம் காயம், தொடை இடுக்குல ஒரு குண்டு, அத டாக்டர் கிட்ட மறைச்சு விரலாலயே தோண்டி எடுத்தாங்கன்னு இருக்கு. அதே புத்தகத்துல முன்னாடி வேற ஒரு ரெஜிமென்ட்ல இருந்தப்ப ஐநூறு சவுக்கடி வாங்குனாங்க, அப்பவும் யாருக்கும் தெரியலன்னு ஒரு கத வருது. அத நான் நம்பல. தேதிய கணக்கு போட்டா அந்த சமயம் அவங்க குடும்பம் நடத்திட்டு, புள்ள வயித்துல இருந்துருக்கணும். புத்தகம் விக்கணும்னு சேத்துட்டாங்கன்னு தான் தோணுது.

ஆனா மூலக்கத பொய் இல்லங்கறதுக்கு செல்சி ஆஸ்பத்திரி பென்ஷன் பதிவேடு இருக்கு. காயம்பட்ட சிப்பாய்களுக்கு பென்ஷன் குடுக்கற எடம் அது. அதுல ஹான்னா ஸ்னெல்ங்கற பேரு, ஜேம்ஸ் கிரேங்கற மாத்து பேரு, பாண்டிச்சேரியில ரெண்டு தொடையிலயும் காயம், பொறந்தது வூஸ்டர், தகப்பன் சாயக்காரன்னு எழுதியிருக்கு. சர்க்கார் சும்மா யாருக்கும் பென்ஷன் குடுக்காது, அதுவும் 1750ல ஒரு பொண்ணுக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

உங்க பொண்ணு கேட்ட கேள்வி தான் எல்லாத்துலயும் நல்ல கேள்வி. அந்த காலத்துல படையில சேரும்போது துணிய கழட்டி பாக்கற மாதிரி மெடிக்கல் டெஸ்ட் பெரும்பாலும் கெடையாது. கப்பல்ல மாசக்கணக்குல போட்ட துணியோட தான் தூங்குவாங்க. மீச மொளைக்காத பையனுங்க ஏகப்பட்ட பேரு வேல பாத்தாங்க, அதனால மொழுமொழுன்னு மூஞ்சி இருந்தா சின்ன பையன்னு நெனச்சுப்பாங்க. கூட இருந்தவனுங்க அவங்கள மிஸ் மாலி கிரேன்னு கேலி கூட பண்ணிருக்கானுங்க, தாடி வரலன்னு. ஆனா இவ்ளோ பாரம் தூக்கறவ, காவல் நிக்கறவ பொம்பளயா இருப்பாங்கற எண்ணமே அவனுங்களுக்கு வரல பாருங்க. மறைச்சது துணி மட்டும் இல்ல, அவனுங்க புத்தியே மறைச்சிருக்கு.

மாடித்தோட்டம்_ஈரோடு:

நான் வரலாறு படிச்சவ இல்லீங்க, செடி வளக்கறவ. ஆனா வேற யாராவது இருந்தாங்களான்னு கேட்டீங்கல்ல, எனக்கு ஒருத்தர தெரியும், அவங்கள பத்தி சொல்லாம இருக்க முடியல.

காகிதப்பூ எல்லாரும் பாத்துருப்பீங்க, காம்பவுண்டு சுவருல ரோஸ் கலர்ல படர்ந்து கெடக்குமே. நர்சரில போகன்வில்லான்னு கேட்டா குடுப்பாங்க. அந்த பேரு புகன்வீல்ங்கற பிரெஞ்சு கப்பல் தலைவரோட பேரு. 1766ல அவரு உலகத்த சுத்த கிளம்புனாரு, கூட எத்வால்னு இன்னொரு கப்பல். அதுல காமர்சோன்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளர், அவருக்கு உதவியாள் ழான்னு ஒரு பையன். அந்த பையன் உண்மையில ழான் பாரே, ஒரு பொண்ணு. பிரெஞ்சு கடற்படை கப்பல்ல பொண்ணுங்க ஏறவே கூடாதுன்னு அப்ப ராஜா உத்தரவு இருந்துச்சு. பர்கண்டி பக்கம் ஏழ குடும்பம், மூலிகை நல்லா தெரிஞ்சவங்க. காமர்சோன் வீட்டுல வேலைக்கு இருந்து அப்புறம் அவரு கூடவே வாழ்ந்தவங்க.

அந்தாளுக்கு காலுல ஆறாத புண்ணு. அதனால மல ஏறறது, பாறையில தொங்கறது, செடிய புடுங்கி காய வச்சு அழுத்தி கட்டறது, மூட்டைய சொமக்கறது எல்லாம் இவங்க தான். காமர்சோனே இவங்கள என் பொதிமாடுன்னு எழுதி வச்சிருக்காரு, படிக்கும்போது எனக்கு கோவம் வந்துச்சு, பாராட்டா எழுதினாராம். 1767ல பிரேசில்ல ரியோ பக்கம் காகிதப்பூவ எடுத்தாங்க, அவரு நடக்கவே கஷ்டப்பட்ட நேரம் அது, அதனால அத பறிச்சது இவங்களா தான் இருக்கும்னு நெறய பேரு சொல்றாங்க. நானும் அப்டி தான் நெனைக்கறேன். செடி தேடி ஒரு நாள் முழுக்க வெயில்ல அலஞ்சு பாத்தா தான் அந்த வேல என்னன்னு புரியும்.

1768 ஏப்ரல்ல தாஹிட்டி தீவுல எறங்குனப்ப அந்த ஊர் ஜனங்க பாத்த ஒடனே இது பொண்ணுன்னு சொல்லிட்டாங்கன்னு புகன்வீல் எழுதறாரு. ஆனா கப்பல் டாக்டர் எழுதுன குறிப்புல வேற மாதிரி இருக்கு, அப்புறம் வேற ஒரு தீவுல கூட வந்த மாலுமிங்களே பலவந்தமா சோதிச்சு கண்டுபிடிச்சதா. எது உண்மையோ, ரெண்டாவது தான் உண்மைன்னா அந்த பொண்ணு பட்டத நெனச்சா மனசு தாங்கல. அப்புறம் மொரீஷியஸ்ல இவங்களும் காமர்சோனும் எறங்கி அங்கயே தங்கிட்டாங்க. அங்க 1773ல காமர்சோன் செத்துட்டாரு. இவங்க ஒரு சிப்பாய கல்யாணம் பண்ணிட்டு ஊரு திரும்புனாங்க, அப்ப உலகத்தையே சுத்தி வந்த மொத பொண்ணு ஆயிட்டாங்க, வரவேற்க ஒரு ஆள் இல்ல. 1785ல தான் அரசாங்கம் வருஷத்துக்கு 200 லீவ்ர் (அந்த காலத்து பிரெஞ்சு காசு) பென்ஷன் குடுத்துச்சு.

பேரு விஷயம் இன்னும் வலிக்குது. காமர்சோன் பேருல எத்தனையோ செடி இருக்கு. இவங்க பேர ஒரு செடிக்கு வச்சத பின்னாடி மாத்திட்டாங்க. 2012ல தான் சொலானம் இனத்துல, அதாவது நம்ம கத்திரி சுண்டக்கா குடும்பத்துல, ஒரு செடிக்கு இவங்க பேரு வந்துச்சு. 1807ல செத்தவங்க.

திருவாரூர்_கரிசல்:

மேல சொன்ன ரெண்டு பேருமே நல்ல கத. ஆனா ரெண்டு பேரும் ஒளிச்சாங்க, ஒளிக்க வேண்டிய நெலம. ஒளிக்காம பட்டப்பகல்ல ஊரு நடுவுல ஆம்பள டிரஸ் போட்டு நடந்தவங்க எங்க ஊரு பக்கம் இருந்தாங்க, மணலூர் மணியம்மை. பெரியாரோட மணியம்மை இல்ல, அடிக்கடி குழப்பிக்கறாங்க, இவங்க வேற.

பிராமண குடும்பம், சின்ன வயசுலயே விதவ. அந்த காலத்துல அந்த வீடுகள்ல விதவன்னா தலைய மழிச்சு மூலையில உக்கார வச்சுடுவாங்க, நல்லது கெட்டதுக்கு முன்னாடி வரக்கூடாது. இவங்க என்ன பண்ணாங்கன்னா கிராப்பு வெட்டிகிட்டு வேட்டி கட்டி சட்ட போட்டுகிட்டு வெளிய வந்தாங்க, சைக்கிள் ஓட்டுனாங்க, சிலம்பம் கத்துகிட்டாங்க. மொதல்ல காங்கிரஸ், அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி. வேல செஞ்சது பண்ணையாளுங்க மத்தியில, அதாவது பெரிய நெலக்காரங்க கிட்ட அடிமை மாதிரி வயல் வேல பாத்தவங்க மத்தியில.

பண்ணையாள்னா என்னன்னு இப்ப உள்ள புள்ளைங்களுக்கு தெரியாது. எங்க தாத்தா பண்ணையாளா இருந்தவரு. ஒரு நாள் வேலைக்கு லேட்டா போனா சவுக்கடி, அதுக்கு மேல சாணியக் கரைச்சு குடிக்க வைப்பானுங்க. தாத்தா கடைசி வரைக்கும் அத பத்தி பேசும்போது குரல் எறங்கிடும். அப்பேர்ப்பட்ட சேரிக்குள்ள அக்ரஹாரத்து பொம்பள ஒருத்தங்க சைக்கிள்ல வந்து எறங்குறாங்கன்னா அது எவ்ளோ பெரிய விஷயம் யோசிச்சு பாருங்க. வேட்டி சட்டைய அவங்க வேஷமா போடல. ராத்திரி வரப்புல நடக்கணும், சைக்கிள் மிதிக்கணும், அடியாள் வந்தா கம்பு எடுக்கணும், பொடவை கட்டிகிட்டு அதெல்லாம் எப்டி செய்யறது. 1953ல ஒரு மான் வந்து கொம்பால முட்டுனதுல செத்துப்போனாங்க, நம்பவே கஷ்டமா இருக்கும் ஆனா அப்டித்தான் முடிஞ்சுது.

அக்கா, உங்க பொண்ணுக்கு இவங்க கதையும் சொல்லுங்க. திருவாரூர் பக்கம் வந்தா மணலூர் கூட்டிட்டு போறேன்.

அரியாங்குப்பம்_அம்மா:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுதுட்டேன். நேத்து ராத்திரி எல்லாத்தையும் பொண்ணுக்கு படிச்சு காட்டுனேன். மணியம்மை கதைய ரெண்டு தடவ கேட்டா. காகிதப்பூ எங்க பக்கத்து வீட்டு சுவருலயே இருக்கு, காலைல அத போயி தொட்டு பாத்துட்டு வந்தா.

ஒரு சந்தேகம் கடலூர் தம்பி, ஹான்னா குண்ட எடுத்தப்ப யாரும் ஒத்தாசைக்கு இல்லயா? காயத்துக்கு கட்டு போட துணி மருந்து யாரு குடுத்தா?

கடலூர்_ஓல்டுடவுன்:

அக்கா, இத நான் விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. புத்தகத்துலயே இருக்கு. கடலூர் ஆஸ்பத்திரியில அவங்கள பாத்துகிட்ட ஒரு கறுப்பு பொம்பள கிட்ட மட்டும் ரகசியத்த சொன்னாங்க. அந்தம்மா தான் டாக்டர் வச்சிருந்ததுலேருந்து பஞ்சும் களிம்பும் எடுத்துட்டு வந்து குடுத்தாங்க, கடைசி வரைக்கும் யார்கிட்டயும் வாய தொறக்கல. பேரு போடல. கடலூர்னா உள்ளூர் தமிழ் பொம்பளயா தான் இருக்கணும்ங்கறது என் ஊகம். மாட்டிருந்தா அந்தம்மாவுக்கு வேல போயிருக்கும், அடியும் விழுந்துருக்கலாம்.

அரியாங்குப்பம்_அம்மா:

தம்பி, இத படிச்ச ஒடனே பொண்ணு முடிவே பண்ணிட்டா. அடுத்த மாசம் ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி, ஹான்னா வேஷம் போடறேன்னு தான் இதுவரைக்கும் சொல்லிட்டு இருந்தா, இப்ப அந்த கடலூர் அம்மாவா தான் வருவேன்கறா. பேரு சொல்லுங்கன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்லுவன்னு கேட்டேன், எழுதி வைக்கலன்னு சொல்லுவேன்கறா.

இப்ப எனக்கு ஒதவி பண்ணுங்க. 1748ல நம்ம பக்கம் ஆஸ்பத்திரி வேல பாத்த பொம்பள எப்டி பொடவை கட்டிருப்பாங்க? ரவிக்கை போடற பழக்கம் அப்ப அவங்க மாதிரி ஆளுங்களுக்கு இருந்துருக்காது, ஸ்கூலுக்கு அத எப்டி மாத்தறது? கையில பஞ்சும் களிம்பு கிண்ணமும் குடுக்கலாம்னு இருக்கேன், கிண்ணம் மண்ணா பித்தளையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இருபது நாள் தான் இருக்கு.