குதிரையில் எல்க் வேட்டை: பிளாட் டாப்ஸா, வெமினூச்சேவா?

வணக்கம். அக்டோபர் கடைசியில் கொலராடோவில் குதிரைகளோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறோம். மூன்று பேர், சவாரிக்கு மூன்று குதிரை, சுமைக்கு இரண்டு. வயோமிங்கை முதலில் யோசித்தோம். அங்கே பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் வெளிமாநிலத்தார் வழிகாட்டி இல்லாமல் எல்க் வேட்டையாட முடியாது, அதனால் விட்டுவிட்டோம். இப்போது கொலராடோவின் பிளாட் டாப்ஸ், வெமினூச்சே என்ற இரண்டு வனாந்தரப் பகுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிளாட் டாப்ஸில் எல்க் ஏராளம். மேலே ஏறிவிட்டால் அகலமான புல்வெளி, குதிரைகளுக்கு நல்ல இடம். ஆனால் வேட்டைக்காரர்களும் நிறைய வருவார்கள். வெமினூச்சே சுமார் 5 லட்சம் ஏக்கர், ஆளரவம் இல்லாத இடம்வரை உள்ளே போகலாம். எனக்குக் கவலை, அங்கே வண்டு அரித்துப் பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்கள்தான். செங்குத்தான சரிவில் ஒரு மரம் பாதையை மறித்துக் கிடந்தால் சுமைக் குதிரையைச் சுற்றிக் கொண்டுபோவது ஆபத்து. வனாந்தரப் பகுதி என்பதால் செயின்சாவுக்கும் (இயந்திர ரம்பம்) அனுமதியில்லை, கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

சரி, இந்த இரண்டில் குதிரையோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தப் பாதை முகப்பில் டிரெய்லரைத் திருப்ப இடம் இருக்கும்? அந்த நேரத்தில் முகாமுக்குப் பக்கத்தில் உறையாத ஓடை கிடைக்குமா? களைவிதை இல்லாததென்று சான்று பெற்ற உலர்புல் அருகில் எந்த ஊரில் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். பனி திடீரென்று கொட்டினால் எந்தப் பக்கமாக இறங்குவது நல்லது?