பெரியப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை

குழு: மாஹேபூர் வீட்டார், மொரிஷியஸ்

தம்பி: பெரியப்பா, புவாந்த் தெஸ்னி சதுப்பு நிலத்தை ஒட்டி வில்லா வேண்டாம் என்ற மனுவில் நம் தெருவே கையெழுத்துப் போட்டுவிட்டது. உங்கள் பெயர் மட்டும் காணோம்.

பெரியப்பா: போடுவதாக இல்லை தம்பி.

தம்பி: அந்தக் கரும்பு நிலத்தில் வில்லா கட்டப் போகிறார்கள். பக்கத்துச் சதுப்பு 2011இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. அதை ஒட்டி மண் கொட்டி உயர்த்தினால் மழைத்தண்ணீர் எங்கே வடியும்?

பெரியப்பா: தண்ணீர் எங்கே வடியும் என்று எனக்கா தெரியாது? மனுவைக் கொண்டுவருகிறவர்கள் யார் என்று பார். வௌவாலைச் சுடாதே என்று அட்டை பிடித்து நின்ற அதே ஆட்கள். அவர்களில் ஒருத்தராவது டிசம்பர் மாதம் காலையில் என் லிச்சி மரத்தடிக்கு வந்ததுண்டா? தரை முழுக்க மென்று துப்பிய சக்கை, தோல் கிழிந்த பழம். அதைப் பார்த்ததும் வியாபாரி பேசிய விலையைக் குறைக்கிறான்.

அத்தை: அண்ணா சொல்வது சரிதான். பின்வாசல் மரத்தில் சாமிக்குப் படைக்கக்கூட ஒரு கொத்து முழுசாகத் தேறவில்லை.

அக்கா: பெரியப்பா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் சுட்டதில் நமக்கு என்ன கிடைத்தது, சொல்லுங்கள். 2015, 2016, 2018 என்று அரசாங்கமே ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. வருடத்துக்கு ஒரு குட்டி மட்டும் போடுகிற உயிர் அது. 2018இல் அருகிவரும் இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு சுட்டும் பழ விவசாயிக்கு லாபம் கூடவில்லை என்று 2019இல் ஆய்வே வந்தது. காட்டு மரங்களின் விதையைப் பரப்புவதும் இந்த வௌவால்தான். நல்ல நிலையில் இருக்கிற பழைய காடு தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. காட்டில் தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் அது நம் தோட்டத்துக்குத்தானே வரும்?

பெரியப்பா: வரட்டும் அம்மா. நஷ்டம் யாருக்கு? வலை போடு என்கிறார்கள். சின்ன மரம் என்றால் சரி. என் அப்பா நட்ட மரத்தின் உச்சிக்கு யார் ஏறுவது? தொளதொளவென்று கட்டினால் வௌவால் சிக்கிச் சாகும், அதற்கும் ஏச்சு எங்களுக்கே.

அண்ணன்: எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வௌவால் நாட்டுக்கே சொத்து என்றால் செலவையும் நாடு ஏற்க வேண்டும். வலைக்கு மானியம் உண்டு, ஆனால் மரத்தைக் கவாத்து செய்து தாழ்த்தும் கூலியும் வலையை இழுத்துக் கட்டும் கூலியும் நம் தலையில்தான் விழுகின்றன. இதை இயற்கை ஆர்வலர்கள் நமக்காகக் கேட்டால் பாதிச் சண்டை தீரும்.

பெரியப்பா: கேட்டார்களா? ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தபோது வந்தார்களா? அப்போதிருந்துதானே சின்ன விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். தரிசாகக் கிடக்கிறது என்பதால்தான் வில்லாக்காரனுக்குக் கண். விற்காதே என்று சொல்ல எல்லோரும் வருகிறார்கள். கரும்புக்கு விலை கேட்க ஆள் இல்லை.

அக்கா: அது உண்மை. நான் அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் 2020 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி, 6ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்தது. ஏறக்குறைய 1,000 டன். எண்ணெயைத் தடுக்கக் கடற்கரையில் ராத்திரியெல்லாம் துணிப் பையில் கரும்புச் சோகையைத் திணித்து, மிதக்கக் காலி பிளாஸ்டிக் பாட்டில் வைத்துத் தைத்தோம். சோகை எங்கிருந்து வந்தது? உங்களைப் போன்றவர்கள் வயலிலிருந்துதானே?

பெரியப்பா: டிராக்டரை நானே ஓட்டி வந்தேன்.

அக்கா: உங்கள் மூட்டையைப் பிரித்துத் தைத்தவர்களில் பாதிப் பேர் இந்த மனுக்காரர்கள்தான். கடலைக் காப்பாற்ற விவசாயி வேண்டியிருந்தது. இப்போது விவசாய நிலத்தைக் காப்பாற்ற அவர்களும் வேண்டும். தனித்தனியாகப் போனால் மந்திரி ஒருத்தரையும் உள்ளே விடமாட்டார்.

தம்பி: 2024 தேர்தலில் ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்னாதிவ் ஜெயித்த கூட்டணியில் இருந்ததே. சுற்றுச்சூழல் பேசுகிற கட்சிதானே அது.

அண்ணன்: சுற்றுச்சூழல் பேசுகிற கட்சியிடமும் விவசாயி தானாகப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். விவசாயி பேசாத மனுவை நகரத்துப் படித்தவர்கள் மனு என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

அத்தை: அண்ணா, அவர்களை ஒருநாள் தோட்டத்துக்கே வரச் சொல்லலாமே.

பெரியப்பா: சரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரட்டும், சக்கையைப் பெருக்குவதற்கு முன்னால். அப்புறம் மனுவில் எங்கள் கோரிக்கையும் ஏற வேண்டும். ஏறினால் நானும் போடுகிறேன், கூட்டுறவுச் சங்கத்து ஆட்களையும் கூட்டிவருகிறேன்.

தம்பி: இப்போதே அவர்களிடம் பேசுகிறேன். இரண்டாவது கோரிக்கை இப்படி இருக்கலாமா: ‘பழ விவசாயிகளுக்கு வலைக்கான முழுச் செலவையும் அரசு தர வேண்டும், சிறு கரும்பு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும்.’

பெரியப்பா: வலை என்று மட்டும் எழுதாதே. கவாத்துக் கூலியும் என்று சேர்.